மாப்பிள்ளை மட்டும்தான் மாற வேண்டுமா? ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ பற்றி ஒரு சண்டை

பழைய பேப்பர்:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், 2002-இல் வந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ படத்தைத் திரும்பவும் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். அப்போது டூலாவோடு சேர்ந்து அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். இந்தத் தடவை அந்த அப்பா கஸ் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் குரல் மாதிரியே கேட்டது. ‘ஊரில் எவன் எப்படியோ போகட்டும், நம்ம வீட்டில்...’ என்று ஆரம்பிக்குமே, அந்தக் குரல்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: சிகாகோவில் ‘டான்சிங் சோர்பாஸ்’ என்று உணவகம் வைத்திருக்கும் கிரேக்கக் குடும்பம். மகள் டூலாவுக்கு 30 வயது, கல்யாணம் ஆகவில்லை, கடையிலேயே கிடக்கிறாள். கம்ப்யூட்டர் படிக்கிறாள், அத்தையின் டிராவல் ஏஜென்சிக்கு வேலைக்குப் போகிறாள், அங்கே இயன் மில்லர் என்ற பள்ளி ஆசிரியரைக் காதலிக்கிறாள். கிரேக்கன் இல்லை என்பதே பெரிய குற்றம். போதாக்குறைக்குச் சைவம் வேறு.

என் புகார் இதுதான். இயன் கிரேக்கத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் வாங்குகிறான். கிரேக்கம் பேசப் பழகுகிறான், அதிலும் மச்சான்கள் கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொடுத்து மானத்தை வாங்குகிறார்கள். மாமனார் வாங்கிக் கொடுத்த வீட்டுக்குக் குடிபோகிறான். அந்த வீடு மாமனார் வீட்டுக்கு அடுத்த வீடு! பிறந்த குழந்தை கிரேக்கப் பள்ளிக்கூடம் போகிறது. பதிலுக்குக் கஸ் கொடுத்தது? வரவேற்பில் ஒரு பேச்சு. இது கலப்புத் திருமணமா, தத்தெடுப்பா?

கடைசி பெஞ்சு:

வீட்டோடு மாப்பிள்ளை, அடுத்த வீட்டோடு மாப்பிள்ளை. ஒரு சுவர்தான் வித்தியாசம் அண்ணே.

மாடப்புறா:

அண்ணா, நீங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்காக அழுகிறீர்கள். மகள் பக்கம் யாருமே பார்க்கவில்லையே!

கதை தொடங்கி வெகுநேரம் காதலே கிடையாது. கலைந்த தலை, பெரிய கண்ணாடி, கடை, வீடு, மறுபடி கடை. சின்ன வயதில் பள்ளிக்கு மூசாக்கா என்ற கிரேக்கச் சாப்பாடு கொண்டுபோய், வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்தப் பேரைக் கெட்ட வார்த்தையாக்கிச் சிரித்த நாளிலிருந்து அவள் குனிந்தே இருக்கிறாள். இயனோடு பழகுவதற்கு முன்பே படிக்க முடிவு பண்ணிவிட்டாள். அதுதான் எனக்குக் கதை.

அந்தக் கடை வாசலைத் தாண்ட என்ன பாடு என்று கவனித்தீர்களா? அம்மா மரியாவும் அத்தை வூலாவும் கஸ்ஸை உட்கார வைத்துக்கொண்டு, ‘எனக்கு அந்தப் பக்கம் சலவைக்கடை, இந்தப் பக்கம் டிராவல் ஏஜென்சி, இரண்டையும் பார்க்க ஆளில்லையே’ என்று சுற்றிச் சுற்றிப் புலம்புகிறார்கள். கஸ் கண்ணைச் சுருக்கி யோசித்து, டூலாவை அனுப்பலாமே என்று தானே கண்டுபிடிக்கும் வரை விடுவதில்லை. கண்டுபிடித்ததும் ‘அடேயப்பா, உங்களுக்கு எப்படித்தான் தோன்றுகிறதோ!’ ஆண் தலை என்றால் பெண் கழுத்து, கழுத்து திரும்பிய பக்கம்தான் தலை திரும்பும் என்று அந்த அம்மா சொல்வது சும்மா வசனம் இல்லை, செய்து காட்டுகிறாள். என் அம்மா இதே வித்தையில்தான் எங்கள் வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இவ்வளவு கெட்டிக்காரிகள் இருக்கும் வீட்டில், ஒருத்தி வேலைக்குப் போவதற்கே இத்தனை நாடகம் போட வேண்டியிருக்கிறதே. அதைப் படம் சிரிப்பாகவே கடந்துபோகிறது.

சேலத்துக்காரன்:

வசூல் கணக்கு போடாமல் எனக்கு உறக்கம் வராது, மன்னிக்கவும்.

செலவு சுமார் 50 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் 24 கோடி டாலருக்கு மேல், உலகம் முழுக்கச் சேர்த்து 36 கோடிக்கு மேல். இதில் வேடிக்கை, ஒரு வாரக்கடைசியில்கூட முதலிடத்துக்கு வந்ததில்லை. 2002 ஏப்ரலில் நூற்றுச்சொச்சம் அரங்கில் வெளியாகி, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் போய், மாதக்கணக்கில் ஓடியது. பாட்டி ஒரு தடவை, பாட்டியைக் கூட்டிக்கொண்டு பேத்தி ஒரு தடவை என்று ஓடிய படம்.

கதை எழுதி டூலாவாக நடித்த நியா வார்தலோஸ் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். முதலில் லாஸ் ஏஞ்சலஸில் தன் குடும்பத்துக் கதையைத் தனி ஆளாக மேடையில் நடித்துக்கொண்டிருந்தார். படமாக்க வந்தவர்கள் குடும்பத்தின் இனத்தை மாற்றலாம், கதாநாயகியை மாற்றலாம் என்றெல்லாம் பேரம் பேச, அவர் மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் நாடகம் பார்க்க வந்தவர் நடிகை ரீட்டா வில்சன். அவருக்குத் தாய்வழி கிரேக்கம். கணவர் டாம் ஹேங்ஸிடம் சொல்ல, இருவரும் தயாரிப்பில் சேர்ந்தார்கள். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

பேப்பர் அண்ணன் கேள்விக்கு என் பதில்: டாம் ஹேங்ஸே ரீட்டாவைக் கல்யாணம் பண்ணும்போது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு மாறியவர். நியாவின் அப்போதைய கணவர் இயன் கோமஸும் அப்படியே. அவர்தான் படத்தில் மாப்பிள்ளையின் நண்பன் மைக் என்ற பாத்திரத்தில் வருகிறார். சினிமா மாப்பிள்ளைக்குப் பேரும் இயன். மதம் மாறிய மாப்பிள்ளைகள் கூடிச் செய்த படத்தில் வேறு எந்த முடிவை எதிர்பார்க்கிறீர்கள்?

கடைசி பெஞ்சு:

ஆக, இது மாப்பிள்ளைகள் சங்கத் தயாரிப்பு.

மணியோசை:

நாகர்கோவில்காரன், கோயில் காரியத்தில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதனால் ஒரு திருத்தம்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் கல்யாணம் செய்ய இருவருமே ஆர்த்தடாக்ஸாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அமெரிக்காவில் நடைமுறை, ஒருவர் ஆர்த்தடாக்ஸ், மற்றவர் திரித்துவத்தின் பெயரால் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவராக இருந்தால் போதும். ஆகவே இயன் குழந்தைகள் குளிக்கும் காற்றடைத்த பிளாஸ்டிக் தொட்டியில் நின்றுகொண்டு உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொள்வது திருச்சபை மட்டும் கேட்டதல்ல. மாமனாரும் கேட்டது.

சடங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், படத்தில் சட்டென்று ஓடிவிடும். அவர்கள் திருமணத்தில் மணமக்கள் வாயைத் திறந்து உறுதிமொழி சொல்லும் வழக்கமே இல்லை. மோதிரம் வலது கையில். தலையில் ஆளுக்கொரு முடி, ஸ்தெஃபானா என்பார்கள், இரண்டையும் ஒரு ரிப்பன் இணைத்திருக்கும். கும்பாரோஸ் எனப்படும் துணைவர் அந்த முடிகளை இருவர் தலைக்கும் மூன்று முறை மாற்றி மாற்றி வைப்பார். ஒரே கோப்பையில் திராட்சை ரசம். பிறகு பாதிரியார் முன்னே நடக்க, மேசையை மூன்று சுற்று. அந்த முடி ராஜாவுக்கும் ராணிக்கும் சூட்டும் முடி என்பது ஒரு பொருள், மறைசாட்சிகளுக்குரிய முடி என்பது இன்னொரு பொருள். இரண்டாவது பொருளை யோசித்துப் பார்த்தால் பேப்பர் அண்ணனின் புகாருக்குத் திருச்சபையே எப்போதோ பதில் சொல்லிவிட்டது போலத்தான் இருக்கிறது.

கேரளத்துச் சுரியானி முறைத் திருமணத்திலும் முடிசூட்டு உண்டு.

சொல்லேருழவன்:

எல்லாரும் மதத்தையே பேசுகிறீர்கள், படத்தின் பெரிய நகைச்சுவையை விட்டுவிட்டீர்கள். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்று கஸ் நிரூபிப்பாரே! காரில் வரும் பிள்ளைகள் மடக்கப் பார்த்து ‘கிமோனோ’ என்கிறார்கள். கஸ் தயங்கவே மாட்டார். கிரேக்கத்தில் ஹிமோனாஸ் என்றால் குளிர்காலம், குளிரில் என்ன போடுவாய், அங்கி, ஆக கிமோனோ! உண்மையில் ஜப்பானியத்தில் ‘கி’ உடுத்துவது, ‘மோனோ’ பொருள். அவ்வளவுதான்.

கடைசிப் பேச்சுக்கு வாருங்கள். மில்லர் என்பது மீலோ என்ற கிரேக்கச் சொல், ஆப்பிள் என்று பொருள். எங்கள் போர்த்தோகாலோஸ் என்ற பேர் போர்த்தோகாலி, ஆரஞ்சு. ஆப்பிளும் ஆரஞ்சும் வேறு வேறானாலும் கடைசியில் எல்லாம் பழம்தானே என்கிறார். கூட்டம் உருகுகிறது. நானும் உருகினேன். அப்புறம் அகராதியை எடுத்தேன்.

முதலில் மில்லர். மாவு அரைக்கும் ஆலைக்காரன். கிரேக்கத்தில் ஆலைக்குச் சொல் மீலோஸ்! ஆங்கிலச் சொல் இலத்தீனின் மோலாவிலிருந்து வந்தது, அந்த மோலாவும் மீலோஸும் ஒரே வேரின் கிளைகள். அதாவது கஸ்ஸுக்கு வாழ்க்கையிலேயே ஒரு தடவை உண்மையான சான்று கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு ஆப்பிள் மரத்தில் ஏறிவிட்டார்.

இரண்டாவது இன்னும் மோசம். போர்த்தோகாலி கிரேக்கச் சொல்லே இல்லை. இனிப்பு ஆரஞ்சை ஐரோப்பாவில் பரப்பியதில் போர்ச்சுகீசியருக்குப் பெரிய பங்கு, அதனால் கிரேக்கத்தில் பழத்துக்கே அந்த நாட்டின் பேர் ஒட்டிக்கொண்டது. துருக்கியில் போர்த்தகால், அரபியில் புர்துகால். உலகத்துக்கே சொல் கொடுத்தோம் என்று மார்தட்டுகிறவரின் குடும்பப் பேர் போர்ச்சுகல்!

சரி, ஆங்கில ‘ஆரஞ்சு’ எங்கிருந்து? சம்ஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங், அரபு, ஸ்பானியம் என்று நடந்து போன சொல். அந்த நாரங்கமும் திராவிட மொழியிலிருந்து போனதாக இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். நம் நார்த்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்கள் இஞ்சிக்கு வைத்த சிங்கிபெரிஸ் என்ற பேரும் நம் இஞ்சிதான். அரிசியைப் பற்றியும் ஒரு நீண்ட வழக்கு உண்டு. அதாவது உற்றுப் பார்த்தால் எல்லாமே...

மாடப்புறா:

ஐயா, நீங்களே கஸ் ஆகிவிட்டீர்கள்.

கடைசி பெஞ்சு:

யாராவது கிமோனோ என்று சொல்லிவிடாதீர்கள். ஆள் ‘கம்மியான அங்கி’ என்று ஆரம்பித்துவிடுவார்.

மட்டுறுத்துநர்:

அரிசி வழக்குக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடிப் பூட்டப்பட்டது. இங்கே திறக்க வேண்டாம்.

சொல்லேருழவன்:

நல்லது, அரிசியைத் தொடவில்லை. பேப்பர் தம்பியின் கேள்விக்கே வருகிறேன். கிரேக்கரல்லாதவனை அவர்கள் ‘க்ஸேனோஸ்’ என்பார்கள். கஸ் அதைக் கிட்டத்தட்ட வசவாகத்தான் சொல்கிறார். பழைய கிரேக்கத்தில் அதே சொல்லுக்கு அந்நியன் என்றும் பொருள், விருந்தாளி என்றும் பொருள். விருந்தோம்பலுக்கு அவர்கள் சொல் பிலோக்ஸெனியா, அதற்குள்ளும் இந்தக் க்ஸேனோஸ்தான் இருக்கிறான். நமக்கும் விருந்து என்றால் முதலில் ‘புதுமை’. வாசலில் நிற்கும் புது ஆள்தான் விருந்து, சாப்பாடு பின்னால் வந்தது. இயன் சைவம் என்று கேள்விப்பட்ட வூலா அத்தை அதிர்ந்து நின்றுவிட்டு, ‘பரவாயில்லை, ஆட்டுக்கறி சமைக்கிறேன்’ என்கிறாளே, அந்த ஒரு வரியில் இரண்டு பொருளும் இருக்கிறது. நீ யாரென்று எனக்குப் புரியவில்லை, ஆனால் பசியோடு போகக் கூடாது.

பழைய பேப்பர்:

ஐயா சொன்னது அழகு. ஆனால் விருந்தாளிக்கு அவன் சாப்பிடுவதைப் போடுவதுதானே விருந்து?

என் மனசு இயனின் அப்பா அம்மாவிடம்தான் நிற்கிறது. ராட்னி, ஹாரியட். மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசிவிட்டுப் போவார்கள் என்று நினைத்த இடத்தில் மொத்தக் குலமும் கூடியிருக்கிறது. முன்வாசல் புல்வெளியில் முழு ஆடு கம்பியில் சுழல்கிறது. ஹாரியட் கையில் ஒரு பண்ட் கேக், நடுவில் ஓட்டை வைத்துச் சுடுகிற வகை. மரியாவுக்கு அந்தப் பேரே வாயில் நுழையவில்லை. கடைசியில் ‘கேக்கில் ஓட்டை இருக்கிறது’ என்று கண்டுபிடிக்கிறாள். பிறகு அந்த ஓட்டையில் ஒரு பூந்தொட்டியைச் செருகிப் பெருமையாக மேசையில் கொண்டுவந்து வைக்கிறாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அமைதியான குடும்பம் என்பதற்காகவே அவர்களை மரக்கட்டைகளாகக் காட்டியிருக்கிறார்கள். காய்ந்த ரொட்டி என்று கஸ் சொல்கிறார், படமும் ஒத்துக்கொள்கிறது. சத்தம் போடாதவர்களுக்குப் பாசம் இல்லை என்று யார் சொன்னது? என் மாமனார் முப்பது வார்த்தைக்கு மேல் என்னிடம் பேசியதில்லை. நான் மருத்துவமனையில் கிடந்த ஆறு நாளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

மாடப்புறா:

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஹாரியட்டுக்கு இன்னும் ஒரு காட்சி கொடுத்திருக்கலாம். ஊசோ என்ற கிரேக்க மதுவைக் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு காருக்குப் போவதோடு அவர்கள் பங்கு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

பண்ட் கேக் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் கல்கத்தா. நிச்சயம் பேச வந்தபோது மாமியார் ஒரு டப்பா நிறைய நொலேன் குர் சந்தேஷ் கொண்டுவந்தார், ஈச்ச வெல்லம் போட்ட பால் இனிப்பு. பழுப்பாக, கட்டி கட்டியாக இருக்கும். அம்மா திறந்து பார்த்தாள், வெல்லம் போல் இருந்தது, முகர்ந்து பார்த்தாள், வெல்லமேதான். மொத்தத்தையும் பாயசத்தில் போட்டுக் கரைத்துவிட்டாள். நான் அடுக்களைக்குள் போனபோது ஒரு கட்டிகூட மிச்சமில்லை. வெளியே வந்து மாமியார் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, ‘இதில் என்ன போட்டிருக்கிறீர்கள், எங்கள் ஊர் வாசனை அடிக்கிறதே’ என்று கேட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது என்பது அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

கடைசி பெஞ்சு:

இதைத்தான் முதலில் படமாக எடுத்திருக்க வேண்டும்.

சேலத்துக்காரன்:

செலவு ஒரு டப்பா சந்தேஷ். வசூல் ஒரு மருமகன்.

அடுத்த பாகங்களைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசாமல் இருப்பதே நல்லது. 2003-இல் டிவி தொடர், ஏழு வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். 2016-இல் இரண்டாம் பாகம், கஸ், மரியா திருமணச் சான்றிதழில் பாதிரியார் கையெழுத்தே இல்லை என்று தெரிந்து அவர்களுக்கே மறுபடி கல்யாணம். அந்த முடிச்சு நல்ல முடிச்சு, அவிழ்த்த விதம் சுமார். கஸ்ஸாக நடித்த மைக்கேல் கான்ஸ்டன்டைன் 2021-இல் இறந்துபோனார். 2023-இல் மூன்றாவது பாகம், அப்பாவின் ஊரைத் தேடிக் கிரேக்கத்துக்கே போகிறார்கள். கஸ் இல்லாமல் எனக்கு ஒட்டவில்லை.

யாழினி மெல்பர்ன்:

வேலை முடிந்து இப்போதுதான் இழையை முழுக்க வாசித்தேன். மெல்பர்னில் கிரேக்கர்கள் நிறையப் பேர். ஓக்லி பக்கம் போனால் கடைப் பலகைகளில் கிரேக்க எழுத்துத்தான். டூலாவின் சகோதரனாக வரும் லூயிஸ் மாண்டிலோர் எங்கள் மெல்பர்ன் பெடியன்தான் என்று இங்கே இப்பவும் பெருமையாகச் சொல்லுவினம். வூலாவாக வந்த ஆண்ட்ரியா மார்ட்டின் கிரேக்கரே இல்லை, ஆர்மீனிய வழி. மரியாவாக வந்த லெய்னி கசான் யூதர். ‘கிரேக்கர்கள் அப்படித்தான்’ என்று நாம் சிரித்த அரைவாசி நடிப்பு பக்கத்து நாட்டு, பக்கத்துத் தெரு அம்மாக்களுடையது. இது எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தின காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்க அம்மம்மா இருக்கிறா. கணவர் இறந்த நாளிலிருந்து கறுப்புத்தான் உடுத்துகிறா. வேலிக்கு மேலால் எலுமிச்சை தருவா, நான் முருங்கையிலை கொடுத்தேன், என்ன செய்தாவோ தெரியாது. என் மகன் பிறந்தபோது பார்க்க வந்தா. பிள்ளையை வடிவு என்று சொன்ன கையோடு ‘ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ’ என்று துப்புவது போல மூன்று தரம் சத்தம் வைத்தா. என் மாமி உள்ளே மிளகாயும் உப்பும் கையில் வைத்துக்கொண்டு நாவூறு கழிக்க நின்றவ. இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தினம். ஒரு சொல் பொதுவாகத் தெரியாது, மாமி மட்டும் தலையை ஆட்டினா, ‘சரியாத்தான் செய்யிறா’ என்பதுபோல.

அவவின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஒரே பேர், செத்துப்போன தாத்தாவின் பேர். படத்தில் கஸ் சொந்தக்காரரை அறிமுகப்படுத்தும்போது நிக், நிக், நிக் என்று வரிசையாக வருமே, அது பகிடி இல்லை, வழமை. தாத்தா பேரைத் தாங்குபவன்தான் பெயரன், பேரன் என்று நாங்கள் சொல்வதுபோல. ஐயா, இதற்கு மேல் சொல்லாராய்ச்சி வேண்டாம்!

பேப்பர் அண்ணா, நீங்கள் இயன் மட்டும் மாறினான் என்கிறீர்கள். கடைசிக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். டூலாவின் மகள் மற்றப் பிள்ளைகள் போகும் பிரவுனீஸ் என்ற சிறுமியர் சாரணர் குழுவுக்குப் போக ஆசைப்படுகிறாள், டூலா கிரேக்கப் பள்ளிக்கூடத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். தன் அப்பா தனக்குச் செய்ததைத்தான். ஆனால் நீ யாரை விரும்பினாலும் கட்டலாம் என்று ஒரு வாக்குக் கொடுக்கிறாள். கஸ்ஸின் வீட்டில் மாறினது அவ்வளவுதான். என் மகனைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு கிழமையும் எனக்கு அந்தக் காட்சி ஞாபகம் வரும்.

பழைய பேப்பர்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை யாழினி. அந்தக் காட்சியில் நான் அடுத்த வீட்டு நகைச்சுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் பக்கத்து வீட்டு அம்மா இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாரா? அவருக்கு எப்படிப் பட்டது? நாம் இங்கே கிடந்து அடித்துக்கொள்கிறோமே.

யாழினி மெல்பர்ன்:

இன்றைக்குக் கேட்டுப் பார்த்தேன் அண்ணா. பார்த்திருக்கிறாவாம், பேத்தி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவளாம். மதம் மாறினது, மாப்பிள்ளை, கேக், ஒன்றைப் பற்றியும் கதைக்கவில்லை. அவவுக்கு ஒரே ஒரு குறைதான்: ‘ஆட்டை ஆராவது முன்வளவில் வைச்சுச் சுடுவினமோ? றோட்டால போறவை எல்லாரும் பார்ப்பினம். பின்வளவில எல்லோ சுட வேணும்.’

பிறகு ஒரு பை எலுமிச்சை தந்தா. முருங்கையிலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டா.